இரண்டாவது சாவி அயர்லாந்தில் இருந்தது

1

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் சபையின் கேரல் பவனி புறப்படும் காட்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் சபை இளைஞர்கள் வீடு வீடாகப் பாடிப் போவார்கள். அவர்களுக்கு முன்னால் போகும் வண்டியின் கூரையில் ஆறடி உயர நட்சத்திரம் நிற்கிறது. இரும்புக் கம்பிச் சட்டம், சிவப்புத் துணி, உள்ளே விளக்கு. அடியில் எங்கள் அப்பாவின் பெயர். அதில் ஓர் எழுத்து உரிந்திருக்கிறது.

போன வருடம் அந்த நட்சத்திரம் என் தம்பி ஜெபின் ஓட்டிய வெள்ளை வேனின் மேல் நின்றது. இந்த வருடம் யாருடையதோ ஒரு பிக்கப். நட்சத்திரத்தைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ் நாளிதழில் ஒன்பது வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். வரும் படங்களுக்கு விளக்கம் எழுதுவதும் என் வேலை. யார், எங்கே, எப்போது, இடம் இருந்தால் ஏன். இந்தப் படத்துக்கு 'ஏன்' எழுதுவதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

2

என் மனைவி பியூலா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்ததால் அயர்லாந்துக்கு வந்தோம். தெற்கே, கடலிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு சிறிய ஊர். அவள் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். நான் அதே கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். அழுக்குத் துணியையும் வெளுத்த துணியையும் வார்டு வாரியாகப் பிரித்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். ஒரே மகள், ஷெரின், பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பதில் சொல்கிறாளே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

நாங்கள் கிளம்பிய வருடம் ஜெபினுக்கும் ஓமானில் லாரி ஓட்ட விசா வந்திருந்தது. அப்பாவுக்கு அப்போதே மூச்சு வாங்கல். இரண்டு பேரும் போனால் வீட்டில் யார் என்பது கேள்வி. வேன் வாங்கியது அதற்கான பதில். பன்னிரண்டு இருக்கை, டீசல். கடன் என் சம்பளச் சீட்டின் மேல் கிடைத்ததால் பதிவு என் பெயரில். ஓட்டுவது ஜெபின். கொல்லயில், பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை என்று ஆளை ஏற்றிக்கொண்டு கழக்கூட்டத்தில் அலுவலகங்களின் வாசலில் இறக்கிவிட வேண்டும். மாலையில் திரும்ப. நிரந்தரமாகப் பதினோரு பேர்.

"வண்டி ஓடுற வரைக்கும் நான் இங்க உண்டு, அண்ணே. அதுக்கப்புறம் நிக்கச் சொல்லி என்கிட்ட கேக்கப்பிடாது" என்று ஜெபின் அன்றைக்கே சொன்னான். சரி என்றேன். இரண்டாம் வருடம் அப்பா போய்விட்டார். ஒப்பந்தம் அம்மாவின் பேரில் தொடர்ந்தது.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், அதைச் சபை முற்றத்தில் நிறுத்தி ஐயர் ஜெபம் செய்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இரண்டு சாவிகளையும் அவர் கையில் வைத்துக்கொண்டு ஜெபிப்பது வழக்கம். ஜெபம் முடிந்து அவர் கொடுத்ததை அம்மா வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "வண்டி ரெண்டு பேருக்குமாக்கும். பொறவு தர்க்கம் வரப்பிடாது." எங்கள் சபையில் பல குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன. ஊரில் ஓடும் ஜீப்பின் சாவி துபாயிலும், காரின் சாவி பெர்த்திலும் கிடக்கும். என் பங்குச் சாவி இங்கே சமையலறைக் கொக்கியில், வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது. ஷெரின் சின்னவளாக இருந்தபோது அதன் கறுப்புத் தலையில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

3

ஜனவரியில் முதல் அழைப்பு வந்தது. இங்கே காலை ஏழு மணி, பியூலா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வண்டி இன்னைக்கு பாலராமபுரத்தில நின்னு போச்சு."

"டீசல்?"

"நெறைய உண்டு. பாட்டரியும் புதுசு. முக்கா மணிக்கூர் கழிஞ்சு சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆவுது. ஒரு நாணமும் இல்லாம."

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அமரவிளையில் நின்றது. வெள்ளிக்கிழமை கழக்கூட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால். ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் ஒரு குறையும் இருக்காது. சூடானதும் எச்சரிக்கை விளக்கு எரியும், என்ஜின் அணையும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். பிறகு ஒரு ரிலே. பிறகு என்ஜின் சுற்றுவதை அளக்கும் சென்சர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சரியாக ஓடியது.

முன் இருக்கையில் வரும் பிந்து ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள். முதல் வாரம், "ஜெபினே, வேனுக்கு ஷுகர் நோக்கணுமோ? ஊசி என் பேக்கில உண்டு" என்றாளாம். வண்டி முழுக்கச் சிரித்திருக்கிறது. இரண்டாம் வாரம் எல்லோரும் மணி பார்த்தார்கள். மூன்றாம் வாரம் இரண்டு பேர் பாறசாலை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போகத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் நான் இடைவேளையில், சலவை இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன். கேட்பதைத் தவிர என் தரப்பில் செய்ய எதுவும் இருக்கவில்லை.

4

உதியன்குளங்கரையில் சுகுமாரன் என்று ஒரு மெக்கானிக். ஐம்பது வயது இருக்கும். மற்றவர்கள் கைவிட்ட வண்டிகள் அவரிடம் வரும். அவர் எதையும் மாற்றாமல் இரண்டு நாள் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று ஜெபின் எரிச்சலோடு சொன்னான். மூன்றாம் நாள் என்னை வீடியோவில் அழைத்தார்கள்.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் அளவுக்கு அலுமினியப் பெட்டி. என்ஜினின் கம்ப்யூட்டர். எப்போது, எவ்வளவு டீசல் என்று தீர்மானிப்பது அதுதான். பட்டறையில் இ.சி.எம். என்கிறார்கள். அது தன் சென்சர்களுக்கு ஐந்து வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுகுமாரன் மீட்டரை வைத்துக் காட்டினார். சரியாக ஐந்து. பிறகு பக்கத்து பியூட்டி பார்லரிலிருந்து இரவல் வாங்கிய முடி உலர்த்தும் இயந்திரத்தை எடுத்துப் பெட்டியின் மேல் சூடான காற்றை அடித்தார்.

"சாரே, மீட்டரப் பாத்துக்கிடும்."

நாலு புள்ளி ஆறு. மூன்று புள்ளி ஒன்பது. இரண்டுக்கு வந்ததும் என்ஜின் அணைந்தது. அவர் சென்சர்களின் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குற்றம் ஒரு சென்சரில் இருந்தால் அதைப் பிடுங்கியதும் ஐந்து திரும்பி வர வேண்டும். வரவில்லை. பிறகு நனைத்த தோர்த்துத் துண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியின் மேல் வைத்தார். ஒன்பது நிமிடத்தில் ஐந்து வோல்ட் வந்தது, என்ஜினும் வந்தது.

"காச்சல் பெட்டிக்காக்கும்" என்றார். "நல்ல பெட்டி சும்மா கெடாது. வண்டியில வெல்டிங் வல்லதும் செய்தியளா?"

ஜெபின் வேனின் கூரையைப் பார்த்தான்.

"சொல்லுமோய்."

"கேரலுக்கு நட்சத்திரம் வெச்சோம். அதுக்க ஸ்டாண்டு."

"பாட்டரி வயரக் கழத்தினியளா?"

"பாட்டு ஓடிட்டிருந்துது. பிள்ளைய பிராக்டீஸ்."

"பாட்டு பாட்டரியிலயா? அப்ப என்ஜினு?"

"பாட்டரி இறங்கிரப்பிடாதுன்னு... அதும் ஓடிட்டுதான் இருந்துது."

சுகுமாரன் தோர்த்தை எடுத்துப் பிழிந்தார். "நட்சத்திரம் நல்லா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"உள்ள பெட்டியும் எரிஞ்சிருக்கு. ரெண்டுக்கும் சேத்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லும்."

வெல்டிங் மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகப் பாயும். கம்ப்யூட்டரின் எர்த் இணைப்பும் அதே உடம்பில்தான். அதனால் முதலில் பாட்டரியையும் பெட்டியையும் கழற்றிவிட வேண்டும். இதைப் பட்டறையில் எல்லோரும் அறிவார்கள். சபை முற்றத்தில், சனிக்கிழமை மதியம், நாற்பது பேர் பாடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் நினைவு வராது.

நட்சத்திரம் என் நன்கொடை. அப்பா இல்லாத இரண்டாவது கிறிஸ்துமஸ், அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கயிற்றில் கட்டலாம் என்றுதான் ஜெபின் சொன்னான். நான் எழுதிய பதில் இப்போதும் போனில் இருக்கிறது: "கட்ட வேண்டாம். வெல்டு செய்யுங்கள். கயிறு அவிழ்ந்தால் அப்பாவின் பெயர் ரோட்டில் கிடக்கும்."

அன்றைய வீடியோவில் ஜெபின் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

5

பெட்டியைத் திறந்து பழுது பார்க்கும் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். சுகுமாரனுக்கு மனமில்லை. ஆனால் புதுப் பெட்டிக்கு நாளாகும், பயணிகள் ஒன்பதாகக் குறைந்திருந்தார்கள். அங்கே ஒரு சிப்பைச் சூடாக்கும்போது அது மொத்தமாகச் செத்தது. அதுவரை சூட்டில் மட்டும் மயங்கிய பெட்டி, பிறகு எப்போதும் எழவில்லை.

அடுத்து மார்த்தாண்டத்தில், உடைத்த வண்டிகளின் கடையிலிருந்து அதே எண் உள்ள பழைய பெட்டி ஒன்று. பொருத்தினார்கள். என்ஜின் எழுந்தது, இரண்டே விநாடியில் அணைந்தது. டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சாவிப் படம் மினுக்கியது.

"இந்தப் பெட்டிக்கு இந்தச் சாவியத் தெரியாது, சாரே" என்றார் சுகுமாரன். "அது மத்த வண்டிக்க சாவியத் தேடுது. பழைய பெட்டிக்க ஓர்மைய, அதுக்க மெமரிய, எடுத்து இதில எழுதலாம். பழையதுக்கு உயிரு இல்லியே."

இனிப் புதுப் பெட்டிதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெட்டியைச் சாவியோடு பழக்குவார்கள். திருட்டைத் தடுக்க அங்கே இரண்டு நிபந்தனைகள். இரண்டு சாவிகளும் ஒரே நேரத்தில் வேண்டும். உரிமையாளர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் பதிவில் உள்ள போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள் என்றான் ஜெபின். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

சாவி அயர்லாந்தில். உரிமையாளரும் அயர்லாந்தில். பதிவில் இருந்த எண்ணை நான் மூன்று வருடமாக ரீசார்ஜ் செய்யவில்லை. அது இப்போது வேறு யாரிடமோ இருந்தது. ஜெபின் அந்த எண்ணை அழைத்தான். வடக்கே கொல்லம் நகரத்தில் ஒரு அம்மா எடுத்தார்.

"அம்மச்சி, ஒங்க போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அத ஒண்ணு சொல்லணும்."

"ஆராணு?"

"அது என் அண்ணனுக்க பழைய நம்பராக்கும். வண்டிக் காரியம்."

"மோனே, ஓ.டி.பி. ஆர்க்கும் கொடுக்கருதுன்னு டீவியில பறஞ்சிட்டுண்டு."

"நான் களவாணி இல்ல, அம்மச்சி. நான் பாறசாலைக்காரன்."

"களவாணியும் ஏதெங்கிலும் ஸ்தலத்துகாரன் தன்னே அல்லே" என்று வைத்துவிட்டார். எந்தத் திருடனுக்கும் ஒரு ஊர் உண்டு. நல்ல வாதம். நான் டெஸ்கில் இருந்திருந்தால் அதைத் தலைப்பாக்கியிருப்பேன்.

எண்ணை மாற்றவும் ஒரு ஓ.டி.பி. வேண்டும். அதுவும் அதே கொல்லத்து அம்மாவுக்குத்தான் போகும்.

6

தூதரகத்தில் உறுதி செய்த அதிகாரக் கடிதம் இருந்தால் ஏற்போம் என்று சர்வீஸ் சென்டரில் எட்டு நாள் கழித்துச் சொன்னார்கள். டப்ளினுக்குப் போக ஒரு நாள் விடுப்பு வேண்டும். என் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். தம்பியின் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, அதற்காகத் தூதரகம் போக வேண்டும் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தானா என்று அக்கறையாகக் கேட்டார். வேன், நட்சத்திரம், கேரல், இரண்டு சாவி என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ஆமாம், போட்டுப் பார்த்தான் என்றேன். விடுப்புக் கிடைத்தது.

முன்பதிவுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். போன அன்று ஒரு புகைப்படம் குறைந்தது. இரண்டாம் முறை முத்திரை விழுந்தது.

சாவியைத் தபாலில் அனுப்பப் பயம். எங்கள் ஊர்ப் பக்கத்து அதியன்னூரைச் சேர்ந்த ஒரு நர்ஸ் விடுமுறைக்குப் போவதாகப் பியூலா சொன்னாள். போகிறவர் கையில் கொடுத்துவிடுவதுதான் இங்கே நம் வழக்கம். மருந்து, தங்க மாலை, கல்யாணச் சேலை எல்லாம் அப்படித்தான் கடல் தாண்டும். சாவியைக் கடிதத்தோடு ஒரு உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் பெரிய பயணப் பெட்டிக்குள் வைத்தார். அவர் திருவனந்தபுரத்தில் இறங்கினார். பெட்டி இறங்கவில்லை. அது ஆறு நாள் கழித்து வந்தது.

கொக்கி காலியாக இருப்பதை ஷெரின் கவனித்தாள். வேன் செத்துவிட்டதா என்று கேட்டாள். இரண்டு முறை ஊருக்குப் போனபோதும் விமான நிலைய வாசலில் அந்த வேன்தான் நின்றது. ஊர் என்றால் அவளுக்கு முதலில் அதுதான். பாட்டி எப்படி இருக்கிறாள் என்று அவள் கேட்டு நாளாகிறது.

ஜெபின் இப்போது நாள்தோறும் அழைப்பதில்லை. நான் அழைத்தால் எடுத்தான்.

"எத்தனை பேர் இருக்காங்க?"

"நாலு."

அடுத்த வாரம் கேட்டேன்.

"வெசனப்படாத அண்ணே. இனி எண்ணாண்டாம்."

7

மார்ச் நடுவில் புதுப் பெட்டியும் இரண்டு சாவிகளும் ஒரே மேசையில் சேர்ந்தன. பழக்க எடுத்தது இருபது நிமிடம். சுகுமாரன் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். பேச்சு இல்லை. என்ஜின் ஓடும் சத்தம் மட்டும், இரண்டு நிமிடம்.

திங்கட்கிழமை ஜெபின் ஆறு நாற்பதுக்குக் கிளம்பினான். கொல்லயிலில் ஒருவரும் இல்லை. பாறசாலையில் ஒருவர். நெய்யாற்றின்கரையில் பிந்து நின்றாள், வேறொரு வேனுக்காக. அவள் கை காட்டவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "அவளக் குத்தம் சொல்லதுக்கில்ல. நேரத்துக்கு ஆஸ்பத்திரியில கேறாண்டாமா?" என்றான்.

கல்யாணச் சவாரி, வேளாங்கண்ணிச் சவாரி என்று கொஞ்ச நாள் ஓட்டினான். மாதத்தில் பாதி நாள் வண்டி வீட்டு முன்னால் நின்றது. ஜூலையில் நான் விடுமுறைக்குப் போனேன். மூன்று அலுவலகங்களில் வரிசையில் நின்று, பதிவில் என் எண்ணை மாற்றினேன். இங்கே வேலை செய்யும் எண்தான். இனி இப்படி ஒரு முடக்கம் வராது என்று ஜெபினிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவனுடைய பாஸ்போர்ட் புதுப்பித்து வந்திருந்ததை மேசையில் பார்த்தேன். அவன் ஒளிக்கவில்லை, நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அம்மாவை இங்கே அழைப்பதைப் பற்றிப் பியூலா பேசினாள். விதிகளைப் படித்துப் பார்த்தோம். இடமில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "நான் எங்கயும் வரல்ல. எனக்கு சபை உண்டு, கோழி உண்டு" என்றாள். அப்போது ஜெபினும் உண்டு.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை, இங்கே காலை எட்டு மணிக்கு என் போனில் வண்டியின் பெயர் மாற்றத்துக்கான ஆறு இலக்கம் வந்தது. பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஜெபின் அழைத்தான். வண்டியை வாங்குகிறவர் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, வந்துதா?"

"வந்திருக்கு."

"சொல்லு."

"விசா எத்தனை வருஷத்துக்கு?"

"ரெண்டு. நம்பரச் சொல்லு."

"அம்மா?"

"இன்னா நிக்கா. வண்டியில கடைசியா முன்சீட்டில இருக்கணும்னு கூட வந்தா."

போன் கை மாறியது. "எலே, என்னத்த ஆலோசிச்சுட்டு இருக்க?" அம்மாவின் குரலில் அவசரம் மட்டும் இருந்தது. "அவனுக்கு மெடிக்கலுக்குப் போணும். நம்பரச் சொல்லு மக்கா."

ஆறு இலக்கங்களும் திரையில் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓமானில் எந்த ஊர் என்று கேட்டேன், சாவி இரண்டையும் கொடுத்தாச்சா என்று கேட்டேன். ஜெபின் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். பிறகு, "நேரம் முடிஞ்சு போச்சு அண்ணே. மறுபடி அனுப்பச் சொல்லட்டா?" என்றான்.

"சொல்லு."

அடுத்தது உடனே வந்தது. பிப்ரவரியில் நாங்கள் காத்திருந்தது இப்படி ஒன்றுக்குத்தான். ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். அங்கே அவன் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னான். ஆறாவது முடிந்ததும், "செரி அண்ணே, வெக்கட்டா" என்றான்.

ஷெரின் பள்ளிப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்றாள், ஆங்கிலத்தில். சித்தப்பாவுக்குத்தான் என்றேன். வேனை விற்றுவிட்டோம் என்றும் சொன்னேன்.

அவள் காலிக் கொக்கியைப் பார்த்தாள். அப்படியானால் அடுத்த முறை ஏர்போர்ட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டாள்.

அவளுடைய பஸ் வந்துவிட்டது.